குள்ளர் வீடும் ரோமானிய மிளகும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எழுதியவை. மீதி, தோட்டத்தில் கிடைத்த கல்லையும் பேரப்பிள்ளையின் பாடப்புத்தகத்தையும் பற்றியவை. இரண்டையும் கலந்தே எடுத்துக்கொண்டேன். பழனி மலையில் உட்கார்ந்துகொண்டு உலக வரலாறு எதற்கு என்று கேட்பவர்கள் மிளகுக் கேள்வியை முதலில் படித்துவிடுங்கள்.

எங்கள் காப்பித் தோட்டத்தில் பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிய ‘குள்ளர் வீடு’ இருக்கிறது. இதுவும் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சும் ஒரே காலம்தானா? (தாண்டிக்குடி)

இல்லை. ‘பெருங்கற்காலம்’ என்ற சொல்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். பெருங்கல் என்பது கட்டும் முறை, அதில் காலம் எதுவும் இல்லை. ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்கள் கி.மு. 2500 வாக்கில் நிறுத்தப்பட்டவை. ஒவ்வொன்றும் 25 டன் அளவு இருக்கும். சின்னக் கற்களை வேல்ஸிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவந்திருக்கிறார்கள். அவ்வளவும் செய்தவர்கள் இரும்பையே பார்க்காத புதிய கற்கால மக்கள். உங்கள் தோட்டத்தில் இருப்பது கல்திட்டை, இரும்புக் காலத்தது. இரண்டுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. அங்கிருந்து இங்கே யாரும் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை. பலகையாகப் பிளக்கும் பாறையும், இறந்தவரை மறக்க மனம் வராத மனிதரும் இருந்தால் எந்த ஊரிலும் இப்படிக் கட்டத் தோன்றும்.

குள்ளர்கள் வாழ்ந்த வீடும் அல்ல அது, இறந்தோர் நினைவாக எழுப்பியது. தரைக்கு மேலே இருந்தால் கல்திட்டை, மண்ணுக்குள் பெட்டி போல இறக்கியிருந்தால் கல்பதுக்கை. இறந்தவரைச் சுடுவது, வெளியில் இடுவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியில் கவிப்பது என்று ஐந்து வகையை மணிமேகலை வரிசையாகச் சொல்கிறது. நம் மலைக் கல்திட்டைகளைப் பற்றி ஆங்க்லேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928இலேயே வெளியிட்டது. உங்கள் தாத்தா ‘குள்ளர் வீடு’ என்று சொன்னதைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். அந்தப் பெயரும் பயமும்தான் இத்தனை காலம் கல்லைப் பெயர்க்க விடாமல் காத்தவை.

கல், வெண்கலம், இரும்பு என்ற வரிசை எல்லா நாட்டுக்கும் பொதுவா? (போட்டித் தேர்வு மாணவர், வத்தலக்குண்டு)

பொது இல்லை. கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் குவிந்து கிடந்த பொருள்களை ஒழுங்காக அடுக்க, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாம்சன் என்பவர் போட்ட வரிசை இது. டென்மார்க்குக்குப் பொருந்தியது. தென்னிந்தியாவில் தனியாக ஒரு வெண்கலக் காலம் இல்லை. புதிய கற்காலத்திலிருந்து நேரே இரும்புக்கு வந்துவிட்டோம்.

அந்த இரும்பின் வயதும் இப்போது பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அகழாய்வு நடந்த மயிலாடும்பாறைக்கு கி.மு. 2172 என்று கணிப்பு வந்தது. அப்புறம் 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை, இன்னொரு அகழாய்வு இடமான சிவகளைக்கு கி.மு. 3345 வரை கொண்டுபோனது. அறிஞர்கள் இதை இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். தேர்வில் பாடப்புத்தகம் சொல்வதை எழுதுங்கள், மனதில் இதையும் வைத்திருங்கள்.

மிளகை ரோமில் எடைக்கு எடை தங்கம் கொடுத்து வாங்கினார்கள் என்கிறார்களே, உண்மையா? எங்களுக்கு அப்படி ஒரு விலை கிடைத்ததில்லை. (மிளகு விவசாயி, பெரும்பாறை)

உங்கள் ஆதங்கம் புரிகிறது ஐயா. கொடியிலிருந்து சரம் பறித்து, உதிர்த்து, தார்ப்பாயில் நாலைந்து வெயில் காயவைத்து, மாலையில் பனி இறங்குவதற்குள் ஓடி ஓடி அள்ளுகிறவருக்குத்தான் அந்தக் கறுப்பு மணியின் அருமை தெரியும். ஆனால் தங்கத்துக்குச் சமம் என்பது கட்டுக்கதை.

பிளினி என்ற ரோமானியர் கி.பி. முதல் நூற்றாண்டில் விலையையே எழுதிவைத்திருக்கிறார். ஒரு ராத்தல் கருமிளகு 4 தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு), வெள்ளை மிளகு 7, திப்பிலி 15. ரோமானிய ராத்தல் நம் கணக்கில் 330 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கூலியாளின் நாள் சம்பளம் ஏறக்குறைய 1 தினாரியஸ். ஆக, ஒரு ராத்தல் மிளகுக்கு நாலு நாள் உழைப்பு. விலை அதிகம்தான், ஆனாலும் சாமானியன் எப்போதாவது வாங்க முடிந்தது. ரோமானியர் ஆண்ட பிரிட்டனின் வட எல்லையில், நம் கொடைக்கானல் போலக் குளிரும் வின்டோலாண்டா கோட்டையில், மெல்லிய மரப்பலகைகளில் எழுதிய கணக்குகள் கிடைத்திருக்கின்றன. அதில் ஒரு படைவீரன் பெயருக்கு எதிரே ‘மிளகு, 2 தினாரியஸ்’ என்று இருக்கிறது. கி.பி. 100 வாக்கில், மேற்குத் தொடர்ச்சி மலையில் காய்ந்த மணி அந்தப் பனிக்காட்டில் ஒருவனின் கஞ்சிக்குள் விழுந்திருக்கிறது! இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இடையில் விலை ஏறியது எப்படி? சேரர் துறைமுகமான முசிறியிலிருந்து போன ‘ஹெர்மபோலன்’ என்ற கப்பலின் சரக்குக் கணக்கு ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருளில் கிடைத்திருக்கிறது. தந்தமும் நறுமணப் பொருளும் அதில் உண்டு. எகிப்து வழியாக ரோமப் பேரரசுக்குள் நுழைந்த இப்படிப்பட்ட சரக்குக்கு நாலில் ஒரு பங்கு வரி. அதற்கு மேல் கப்பல்காரர், ஒட்டகக்காரர், படகுக்காரர், கிடங்குக்காரர். எகிப்தின் பெரனிகே துறைமுகத்தில், ஒரு கோயில் தரையில் பதித்திருந்த இந்தியத் தாழியில் 7.5 கிலோ மிளகு அப்படியே இருந்தது. பொன்னோடு வந்து கறியோடு திரும்பும் யவனர் மரக்கலத்தை அகநானூறு பாடுகிறது. அங்கே கறி என்றால் மிளகு. அவர்களுக்கு அது எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு இன்னொன்று: கி.பி. 408இல் கோத் இன மன்னன் அலாரிக் ரோம் நகரை முற்றுகையிட்டு, விலகிப்போக 5,000 ராத்தல் தங்கத்தோடு 3,000 ராத்தல் மிளகும் கேட்டான்.

பட்டுப்பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? (பத்தாம் வகுப்பு மாணவி, பண்ணைக்காடு)

அது ஒற்றைச் சாலை அல்ல. அந்தப் பெயரைப் பரவச் செய்தவர் ரிக்டோஃபன் என்ற ஜெர்மானியப் புவியியலாளர், 1877இல். அந்த வழியில் நடந்த வணிகர் எவரும் அப்படிச் சொல்லவில்லை. வெள்ளகவிக்குக் குதிரை முதுகில் சாமான் போவதைப் பார்த்திருப்பாய். கடையிலிருந்து அடிவாரம் வரை ஒருவர், அங்கிருந்து மேலே இன்னொருவர். அதுபோலத்தான், கை மாறிக் கை மாறிப் போனது. சீனாவிலிருந்து ரோம் வரை முழுக்க நடந்தவர்கள் மிக அரிது, சரக்குதான் முழுத் தூரமும் போனது.

கி.மு. 63இல் பிறந்து கி.பி. 14இல் இறந்த ரோமப் பேரரசர் அகஸ்டஸுக்கு வயது 77 என்று எழுதினேன். தப்பு என்கிறார்கள்.

தப்புதான். கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1. நடுவில் சுழியாண்டு கிடையாது. கி.பி. 525இல் இந்தக் கணக்கைத் தொடங்கிய டயோனிசியஸ் என்ற துறவி கையாண்ட ரோமன் எண்களில் சுழியே இல்லை. ஆகவே இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழியுங்கள்: 76. அவர் பிறந்தது செப்டம்பர், இறந்தது ஆகஸ்ட். பிறந்தநாள் வரவில்லை என்பதால் 75.

என் அம்மா எஸ்டேட்டில் வேலை செய்தார். ஐரோப்பிய நிலமானிய முறையும் அதுவும் ஒன்றுதானே?

கஷ்டம் ஒன்று போலத் தெரியும், கட்டமைப்பு வேறு. நிலமானிய முறையில் அரசர் பிரபுவுக்கு நிலம் கொடுப்பார், பிரபு படை கொடுப்பார். அடியில் இருந்த பண்ணையடிமைக்குக் கூலி கிடையாது. சிறு துண்டு நிலம் உண்டு, அதற்கு ஈடாகப் பிரபுவின் வயலில் வாரத்தில் சில நாள் உழைக்க வேண்டும், ஊரைவிட்டுப் போக முடியாது. எஸ்டேட் என்பது சந்தைக்காகப் பயிரிட்டுக் கூலி கொடுக்கும் தொழில். உங்கள் அம்மாவுக்கு 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இருந்தது.

ஐரோப்பாவில் அந்த முறை ஆட்டம் கண்டதில் 1347இல் வந்த கொள்ளைநோய்க்குப் பெரிய பங்கு உண்டு. மூன்றில் ஒருவராவது செத்துப்போனார்கள். ஆள் கிடைக்காததால் மிஞ்சியவர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். இங்கிலாந்தில் 1351இல் சட்டம் போட்டுக் கூலியைப் பழைய அளவிலேயே நிறுத்தப் பார்த்தார்கள். 1381இல் உழவர்கள் திரண்டு லண்டனுக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள்.

‘பளியருக்கு நாகரிகம் கிடையாது’ என்று பள்ளியில் சொன்னார்களாம். பேரன் அழுதுகொண்டு வந்தான். (பளியர் பழங்குடியினர், கீழ்மலை)

உங்கள் பேரனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். வரலாற்றில் ‘நாகரிகம்’ என்பது நல்லொழுக்கத்துக்கான பட்டம் அல்ல. நகரம், வரி, எழுத்து, பெரிய கட்டடம், முழுநேரக் கைவினைஞர் என்று கார்டன் சைல்டு என்ற தொல்லியலாளர் 1950இல் பத்து அடையாளங்களைப் பட்டியலிட்டார். அவை நகர வாழ்க்கையின் அடையாளங்கள், அவ்வளவுதான். அந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் தென் அமெரிக்காவில் பேரரசு நடத்திய இன்காக்களே தடுமாறுவார்கள். அவர்களிடம் எழுத்து இல்லை, கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்தார்கள். ஆனால் ஆண்டிஸ் மலை நெடுக 30,000 கிலோமீட்டருக்கு மேல் சாலை போட்டார்கள். அந்தப் பட்டியலில் தேறிய பல நாகரிகங்கள் அடிமைச் சந்தையையும் நடத்தின. எந்தப் பாறையில் எந்த மாதம் தேன் இருக்கும், எந்தக் கிழங்கை எவ்வளவு விட்டுத் தோண்டினால் மறுபடி முளைக்கும் என்று தெரிந்தவர்கள் பளியர். சண்டை வந்தால் அடித்துக்கொள்ளாமல் விலகிப்போகும் அவர்கள் வழக்கத்தை மானுடவியலாளர்கள் வந்து தங்கி ஆராய்ந்திருக்கிறார்கள். பேரன் தலைநிமிர்ந்து பள்ளிக்குப் போகட்டும்.

குழி எடுத்தபோது உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஒரு பானை ஓடு வந்தது. என்ன செய்வது? (பாச்சலூர்)

அது கறுப்பு-சிவப்புப் பானை. சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டதால், காற்றுப் படாத உட்புறம் கறுத்தும் காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தும் போகும். தோண்டுவதை அங்கேயே நிறுத்துங்கள். இடம் தெரிகிற மாதிரி, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். மேலே மண்ணைப் போட்டுவிட்டுத் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். முக்கியமாக, ஓட்டைக் கழுவ வேண்டாம். நம் மலையடிவாரத்துப் பொருந்தலில், நாலு கால் வைத்த ஒரு சாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கணித்தார்கள். யாராவது கழுவி வைத்திருந்தால் அந்த நெல் சாக்கடையோடு போயிருக்கும்.