தொடைப் படர்தாமரை: தடவினால் போகிறது, விட்டால் வருகிறது

மருந்துக் கடையில் கொடுத்த களிம்பில் நான்கே நாளில் அரிப்பு அடங்கியது, விட்டதும் இரண்டு மடங்காகப் பரவியது என்கிறீர்கள். முதலில் அந்தக் குழாயின் பின்பக்கத்தைப் பாருங்கள். குளோபெட்டாசோல், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது பொடி எழுத்தில் இருந்தால் அது ஸ்டீராய்டு கலப்பு. சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும். படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சைக்கோ அது விருந்து. தொடை இடுக்கில் தோலும் மெலிந்து வரிவரியாகிவிடும். அதைத் தொடராதீர்கள்.

நண்பர் சொன்ன இட்ராகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்களே, இரண்டும் சேர்ந்தால் தசை பாதிக்கப்படலாம். கல்லீரல், இதயக் கோளாறு இருந்தாலும் சிக்கல்தான். தோல் மருத்துவரிடம் எல்லா மாத்திரைகளையும் காட்டுங்கள், காலையில் போடும் கேஸ் மாத்திரை உட்பட. அது இட்ராகோனசோல் உடலில் சேர்வதைக் குறைக்கும்.

ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சை எதிர்ப்புக் களிம்பு கொடுத்தால், வளையத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டு செ.மீ. வரை தடவுங்கள். தோல் தெளிந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை விடக்கூடாது. பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான் (நானும்தான்!). அப்புறம், வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா?