காடி முடிகிற ஓரத்தில் மரம் பெயர்கிறதா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: பழைய வீட்டுத் தேக்கு நிலையை அறுத்து அலமாரி செய்கிறேன், தட்டு உட்கார ரூட்டரில் (மரத்தைக் குடையும் மின்கருவி) குறுக்குக் காடி, அதாவது நாருக்குக் குறுக்கே பள்ளம், எடுத்தால் முடிகிற ஓரத்தில் சிம்பு சிம்பாகப் பெயர்கிறது, புது பிட் (ரூட்டரில் சுழன்று வெட்டும் முனை) போட்டும் நிற்கவில்லை, என்ன செய்ய?

தம்பி, காடி தொடங்குகிற ஓரத்தைப் பாருங்கள், அங்கே இந்த அளவுக்குச் சேதம் இருக்காது. நாருக்குப் பின்னால் மரம் இருக்கிற வரைக்கும் பிட் அதை அறுத்துக்கொண்டு போகும். கடைசி ஓரத்தில் முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லாததால் நார் அறுபடாமல் வெளிப்பக்கம் வளைந்து பிய்ந்துகொண்டு வருகிறது. ஆகவே முதல் தேவை முட்டு. பலகைக் கனத்துக்கு ஒரு கழிவுக் கட்டையை அந்த ஓரத்தோடு சேர்த்து, நகம்கூட நுழையாதபடி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், பிட் அந்தக் கட்டைக்குள் போய் வெளியே வரட்டும். அடுத்த காடிக்குக் கட்டையைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும், பழைய பள்ளமே மறுபடி நேரே வந்தால் முட்டு இல்லாத மாதிரிதான்.

அப்புறம் கத்தி. பென்சில் கோடு நாரை அறுக்காது. காடியின் இரண்டு விளிம்பையும் கூரான கத்தியால் ஒரு மி.மீ. ஆழம் கீறி, அதே கோட்டை ஓரத்திலும் கீழே இறக்கிவிடுங்கள், பிசிறு அந்தக் கோட்டோடு நின்றுவிடும்.

8 மி.மீ. காடியை ஒரே மூச்சில் எடுக்காதீர்கள், மூன்று தடவையாக இறக்குங்கள். புறா வால் போல அடி விரிந்த டவ்டெயில் பிட்டுக்கு மட்டும் இது பொருந்தாது. அதன் அடி அகலம், மேல் குறுகல், முழு ஆழத்தில் ஒரே ஓட்டம்தான், அதனால் முதலில் நேர் பிட்டால் நடு மரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

தேக்கில் சிலிக்கா (மணலில் இருக்கிற அதே கடினப் பொருள்) உண்டு, கார்பைடு முனையையும் சீக்கிரம் மழுக்கிவிடும், பிட் புதிது என்று நம்பி இருந்துவிட வேண்டாம். பழைய நிலை என்பதால் ஆணி முறிந்து உள்ளே கிடக்கலாம், ரூட்டரை வைக்கும் முன் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள்.

மரம் மிச்சம் இருந்தால் இதைவிடச் சுலபமான வழி உண்டு: பலகையை 5 மி.மீ. அகலம் கூடுதலாக விட்டுக் காடியெல்லாம் எடுத்து முடித்துவிட்டு, கடைசியில் அந்த ஓரத்தை இழைப்புளியால் தள்ளுங்கள், பெயர்ந்த இடமும் சுருளோடு சுருளாகப் போய்விடும்.