பழைய ஓபன் காரில் பாண்டிச்சேரி: போகலாமா, எந்த வழியாக?

கேட்டது இதுதான்: ஹவானாவிலும் பாரிஸிலும் பழைய கூரையில்லாத காரில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்களே, பாண்டிச்சேரியையும் அப்படிப் பார்க்க முடியுமா, பார்த்தால் நன்றாக இருக்குமா?

முடியும், நன்றாகவும் இருக்கும். ஆனால் இப்படிக் கேட்கிற பெரும்பாலானவர்கள் மனதில் இருப்பது ஒரே படம்: மஞ்சள் சுவர், அதன்மேல் வழியும் காகிதப்பூ, முன்னால் பளபளவென்று ஒரு சிவப்புக் கார். அந்தப் படம்தான் வேண்டும் என்றால் சுற்றவே வேண்டாம். துய்மா வீதியில் அரை மணி நேரம் காரை நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிடலாம். ஊரைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால், இந்த ஊர்க்காரனாக என் கட்சி வேறு. கடற்கரையை ஒட்டிப் பிரெஞ்சுக்காரர் குடியிருந்த பகுதியான வெள்ளை நகரத்தை நடந்து பாருங்கள். காரை, இரண்டு பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதிக்குள் விடுங்கள்.

காரணம் சொல்கிறேன். ஓபன் காரில் கூடுதலாகக் கிடைப்பது காற்று மட்டுமில்லை, தலைக்கு மேலே இருப்பதும் தெரிகிறது. மூடிய காரின் ஜன்னலில் எந்தத் தெருவும் கீழ்த்தளத்தோடு முடிந்துவிடும்: கதவு, கடைப் பலகை, நிறுத்திவைத்த பைக்குகள். வெள்ளை நகரத்தில் கூரையை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அங்கே தெருவை ஒட்டி உயரமான மதில், பெரிய கேட், உள்ளே தோட்டம், அதற்கும் உள்ளே வீடு. கார் சீட்டில் உட்கார்ந்தால் மதிலைத்தான் பார்த்துக்கொண்டு போவீர்கள். நடந்து போனால் திறந்திருக்கும் கேட் வழியாக எட்டிப் பார்க்கலாம், வாட்ச்மேனிடம் இரண்டு வார்த்தை பேசலாம்.

தமிழர் பகுதி வீடு தெருவைப் பார்த்தே கட்டியது. கீழே திண்ணை, அதற்கு முன்னால் மரத்தூண்கள் தாங்கும் சாய்ப்பாக ஒரு தாழ்வாரம். போகிறவர் வருகிறவர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க விட்ட இடம் அது. கண்ணை மேலே கொண்டுபோனால் மாடி வேறு ஊராக இருக்கும்: வளைவு ஜன்னல்கள், சுவரோடு ஒட்டிய அலங்காரத் தூண்கள், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் குட்டித் தூண்கள். கீழ்த்தளம் தமிழ், மேல்தளம் பிரெஞ்சு. இந்தக் கலவையை வெள்ளை நகரத்தில் எவ்வளவு தேடினாலும் இந்த அளவுக்குக் கிடைக்காது. பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்து 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் இந்த வகைதான், கடைவீதி நெரிசலுக்குள்ளே நிற்கிறது. வைசியாள் வீதியில் ஐரோப்பிய யூனியன் நிதியுதவியோடு, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு வரிசையாக வீட்டு முகப்புகளைப் பழையபடி சீர்செய்திருக்கிறது. அந்தத் தெருவில் மட்டுமாவது வண்டியை நடை வேகத்துக்குக் குறைக்கச் சொல்லுங்கள். பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தால் மாடிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகரும்.

நேரம்தான் எல்லாம். காலை 6 மணிக்குக் கிளம்பி எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும். ஒன்பதுக்கு மேல் நேரு வீதியிலோ காந்தி வீதியிலோ மாட்டினால் நீங்களும் காரும் சேர்ந்து கொதிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி முழுக்கச் சண்டே மார்க்கெட், அந்தப் பக்கமே வேண்டாம். மாதம் என்றால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கேட்டுக்கொண்டு வராது. பழைய கேன்வாஸ் ஹூட்டை இழுத்து மாட்டி முடிப்பதற்குள் சீட் நனைந்திருக்கும். மே மாதம் பற்றிப் பேசவே வேண்டாம்.

நான் சொல்லும் வழி இது. ரயில் நிலையத்திலிருந்து ஆரம்பியுங்கள். விழுப்புரத்திலிருந்து இங்கே ரயில் வந்தது 1879இல். பக்கத்திலேயே 1907இல் கட்டிய திரு இருதய பசிலிக்கா. அங்கிருந்து சுப்பையா சாலை, அண்ணா சாலை, சர்தார் பட்டேல் சாலை என்று புல்வாரைச் சுற்றி வாருங்கள். நகரத்தை முட்டை வடிவத்தில் சுற்றிவரும் இந்தச் சாலைகள் பழைய கோட்டை மதில் நின்ற கோட்டிலேயே போகின்றன. விடியற்காலையில் அகலமாகக் காலியாக இருக்கும், பழைய எஞ்சினுக்கும் மூச்சு விடச் சௌகரியம். ஒரு சுற்று வந்தால் ஊரின் அளவு பிடிபடும். அதற்கப்புறம் உள்ளே திரும்பி வைசியாள் வீதி, அடுத்தாற்போல ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி. 1908இல் இங்கே வந்து பத்து வருஷம் இருந்த பாரதியார் குடியிருந்த வீடு அங்கேதான், இப்போது நினைவில்லம். மிஷன் வீதிக்கு வந்தால் சம்பா கோயில். 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரையே தரைமட்டமாக்கியபோது முன்பிருந்த தேவாலயமும் போய், இப்போது நிற்பது 1791இல் முடித்தது. தெற்கே முல்லா வீதிப் பக்கம் இஸ்லாமியர் தெருக்கள். அங்கே வீடுகளின் முகமே மாறும், பார்த்துக்கொண்டே வாருங்கள். ஒருவழித் தெருக்கள் நிறைய என்பதால் வரிசை கொஞ்சம் முன்பின்னாகலாம். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் கை காட்டும் பக்கம் போக வேண்டியதுதான்.

கடற்கரைச் சாலையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அங்கே வண்டிகளை விடுவதில்லை. ஏழரைக்குத் தடுப்பை எடுத்ததும் ஒரு தடவை மெதுவாகப் போய்விட்டு வந்தால் போதும். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்களுக்கு நடுவில் காந்தி, 1836இல் முதலில் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், 2014 மழையில் இடிந்து விழுந்து மறுபடி கட்டி 2021இல் திறந்த மேரி (பிரெஞ்சுக் கால நகராட்சி) கட்டடம், தெற்குக் கோடியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் சிலை. ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் எல்லாம் முடிந்துவிடும். அங்கேயே காரை அனுப்பிவிட்டு வெள்ளை நகரத்துக்குள் நடையைக் கட்டுங்கள்.

சரி, எந்தக் கார்? ஹவானாவில் 1950களின் அமெரிக்க கார்கள் இன்னும் ஓடுவதற்குக் காரணம் 1959 புரட்சியும் அதன் பின்னால் வந்த அமெரிக்கத் தடையும். புதிதாக வராததால் இருந்ததையே ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். பாரிஸில் துணிக்கூரையைச் சுருட்டிவிட்டு ஓட்டும் குட்டி சித்ரோன் 2சிவி அவர்கள் ஊரிலேயே பிறந்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊராயிற்றே என்று இங்கேயும் தெருவுக்கு ஒரு சித்ரோனை எதிர்பார்த்து வராதீர்கள். நாங்கள் பார்த்து வளர்ந்தது அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்தான். இந்த ஊருக்கே உரிய வாகனம் வேண்டுமென்றால் அது புஷ்புஷ் வண்டி: முன்சக்கரத்தைத் திருப்பும் கம்பி உட்கார்ந்திருக்கும் துரையின் கையில், பின்னாலிருந்து தள்ளுவது நம் ஆள். செயின்ட் லூயி வீதி அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஏறி ஊர்வலம் போக ஆசைப்படும்படியான வண்டியில்லை.

என் ஓட்டு ஹெரால்டுக்கு. 1961 முதல் சென்னையில் தயாரான கார். அதன் கூரை பாடியோடு போல்ட் போட்டு இணைத்தது என்பதால் கழற்றி ஓபன் காராக மாற்றியவர்கள் நம் நாட்டில் நிறைய. முத்தியால்பேட்டையில் இருக்கும் என் மாமாவிடம் அப்படி ஒன்று இருக்கிறது. நம் தெருக்களுக்கென்றே செய்தாற்போல முன்சக்கரங்கள் அப்படித் திரும்பும். பெரிய வண்டி மூன்று முறை முன்பின் போக வேண்டிய முனையில் இது ஒரே ஒடியில் திரும்பிவிடும். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முழு முகமும் முன்னால் கவிழும். மாமா முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டுதான் கார்புரேட்டரைப் பிரிப்பார். முதல் கியருக்குச் சிங்க்ரோ (ஓடும்போதே கியர் சத்தமில்லாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, வண்டி முழுக்க நிற்பதற்குள் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தும். வெயிலில் நின்று நின்று போனால் பெட்ரோல், எஞ்சினில் இருக்கும் பம்புக்கு வருவதற்கு முன்பே ஆவியாகிவிடும். அதற்காக ஒரு ஈரத்துணியும் தண்ணீர் பாட்டிலும் எப்போதும் டிக்கியில் இருக்கும். துணியைப் பம்பின்மேல் சுற்றிப் பத்து நிமிஷம் விட்டால் மறுபடி பிடிக்கும். ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது அவர் சொன்னது: “டேய், பிரேக்கை நம்பாதே, இடைவெளியை நம்பு.” நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் என்றால் அப்படித்தான்.

வாடகைக்கு எடுப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், இதைப் பலரும் கேட்பதில்லை. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த, பெரிதாக மாற்றியமைக்காத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். ஏற்கெனவே நம்பர் உள்ளவர்கள் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம் என்பதால் பலகையை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆர்.சி.யைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளைப் பலகைச் சொந்த வண்டியைக் கல்யாணத்துக்கும் போட்டோ ஷூட்டுக்கும் காசுக்கு விடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதில் போய் ஏதாவது ஆனால், வாடகைக்கு ஓட்டிய வண்டி என்று காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். மஞ்சள் பலகை, டாக்சி பெர்மிட் என்றால் எந்தத் தொல்லையும் இல்லை. நண்பர் அவருடைய காரில் காசு வாங்காமல் கூட்டிப்போனால் இன்னும் உத்தமம். மாமாவுக்கு என் உறவினர்கள் கொடுப்பது பெட்ரோலும் காலை டிபனும்தான்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். பல பழைய கார்களில் சீட் பெல்ட் இருக்காது. குழந்தையைப் பின்சீட்டில் எழுந்து நிற்க விடாதீர்கள், போட்டோவுக்குக்கூட வேண்டாம். தொப்பி போட்டால் தாடைக்குக் கீழே கட்டும் கயிறு இருக்கட்டும். துப்பட்டா, நீள ஸ்கார்ஃப் எல்லாம் இறுக முடிந்துகொள்ளுங்கள். நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927இல் பிரான்ஸின் நீஸ் நகரத்தில் இறந்தது ஓபன் காரின் சக்கரத்தில் அவர் ஸ்கார்ஃப் சிக்கித்தான். பயமுறுத்தச் சொல்லவில்லை, வண்டி மெதுவாகத்தானே போகிறது என்று அலட்சியம் வரும் என்பதால் சொல்கிறேன்.

சிலர் அதே காரில் கடலூர் வரைக்கும் போகலாமா என்றும் கேட்கிறார்கள். வரலாறு என்று பார்த்தால் போகத் தகுந்த ஊர்தான். தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலேயர்கள் 1690இல் மராத்தியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரை உள்ள கிராமங்களும் சேர்த்து அவர்களுக்கு என்று பேச்சு. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்தார். மூன்று வருஷத்தில் ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியை இடித்தது அதற்குப் பதிலடி. இரண்டு ஊரையும் ஒரே நாளில் பார்த்தால் கதை ஒழுங்காகப் புரியும். பாரதியார் 1918இல் புதுவையை விட்டுக் கிளம்பி, கடலூருக்குப் பக்கத்தில் கைதாகி அந்த ஊர்ச் சிறையில் இருந்ததும் இதே தடத்தில்தான்.

ஆனால் சாலை? அரியாங்குப்பம் தாண்டி, முள்ளோடை எல்லையைக் கடந்து, இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பஸ்ஸும் லாரியும் பின்னாலேயே ஹார்ன் அடித்துக்கொண்டு வரும், புகை முழுக்க உங்கள் முகத்துக்கு. டிரம் பிரேக் வண்டி விடும் இடைவெளியில் இரண்டு பைக் வந்து நுழையும். மாமாவே அந்தப் பக்கம் ஹெரால்டை எடுப்பதில்லை. பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். காலையிலேயே ஏறி, கடல் காற்று வரும் இடதுபக்க ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.