ஹேமர் கேள்வி பதில்: அழித்தாலும் போகாத கோப்புகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கணினியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஓடுவது டிராகன்ஃபிளை பிஎஸ்டி என்ற இயங்குதளம். கோப்புகள் இருப்பது ஹேமர் கோப்பு முறைமையில், அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாட்டில். மேத்யூ டில்லன் எழுதி 2008-இல் வெளிவந்தது. நாம் மாற்றி எழுதும் கோப்பின் பழைய வடிவங்களைக் கேட்காமலே சேர்த்துவைக்கும். அதை மேய்க்கும் கட்டளையின் பெயரும் 'ஹேமர்'தான். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

குன்னூர் வாசகர்: சார், கூலிப் பட்டியலை இன்று காலை தவறாக மாற்றிச் சேமித்துவிட்டேன். மீட்க வழி உண்டா?

உண்டு. 'ஹேமர் ஹிஸ்டரி' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, கோப்பின் பெயரைக் கொடுங்கள். தேதியும் நேரமுமாக வரிகள் இறங்கும். ஒவ்வொரு வரியிலும் பூஜ்யம், எக்ஸ் என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்று இருக்கும். கோப்பின் பெயரை ஒட்டி இரண்டு @ குறி போட்டு, அதை ஒட்டி அந்த எண்ணை எழுதினால் அந்த நேரத்துக் கோப்பு கண்முன் நிற்கும். வேறு பெயரில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் இது நடந்தது. இலைக் கணக்கில் பெயர்ப் பத்தியை மட்டும் அகர வரிசைப்படுத்திவிட்டேன். எடைப் பத்தி நின்ற இடத்திலேயே நின்றது. ஒருவர் போட்ட இலை இன்னொருவர் தலையில். மதியம் பட்டுவாடாவுக்கு ஆட்கள் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. 9.42 என்று நேரம் காட்டிய வரி காப்பாற்றியது. எந்த வடிவத்தில் எது மாறியது என்று ஒப்பிட 'அன்டூ' என்ற தனிக் கட்டளையும் இருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். ஹேமர் முப்பது முதல் அறுபது விநாடிக்கு ஒருமுறைதான் டிஸ்க்கில் பதிகிறது. அந்த இடைவெளிக்குள் இரண்டு முறை சேமித்தால் நடு வடிவம் கிடைக்காது.

கொடைக்கானல் வாசகர்: மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போய்க்கொண்டே இருக்கிறது. கோப்புகள் கெட்டுவிடுமா?

முறைமை கெடாது. மறுபடி ஏற்றும்போது தன் பதிவேட்டைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். மணிக்கணக்கில் சோதனை ஓடுவதில்லை. கடைசி ஒரு நிமிட வேலை போகலாம். ஆனால் டிஸ்க்கே போனால் வரலாறும் கூடவே போகும். ஒரே டிஸ்க்கில் இருக்கும் பழைய வடிவம் காப்புப் பிரதி ஆகாது. 'மிரர்-ஸ்ட்ரீம்' கட்டளை கொடுத்து கோப்புகளை இன்னொரு கணினிக்கும் அனுப்புங்கள். நான் மேட்டுப்பாளையத்தில் ஒன்று வைத்திருக்கிறேன். மலைப் பாதை மூடினாலும் கணக்கு கீழே இருக்கும்.

கூடலூர் வாசகர்: 40 ஜிபி படங்களை அழித்தேன். டிஸ்க்கில் இடம் கூடவே இல்லை.

நீங்கள் அழித்தது இன்றைய பட்டியலிலிருந்துதான். வரலாறு அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'ஹேமர் கிளீனப்' ஓட வேண்டும். அது நாளுக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்தில் கோப்புகள் எல்லாம் இருந்த நிலை) எடுத்து, இரண்டு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு இடையில் இருக்கும் நுணுக்க வரலாற்றைக் கத்தரித்து, துண்டு துண்டாகக் கிடக்கும் இடத்தைச் சேர்த்துக் கொடுக்கும். ஹேமர் இடத்தை 8 எம்பி பாத்திகளாகப் பிரித்திருக்கிறது. ஒரு பாத்தி முழுதாகக் காலியானால்தான் அது திரும்பக் கிடைக்கும். ஸ்னாப்ஷாட்டுகள் வழக்கமாக 60 நாள் நிற்கும் என்பதால் உங்கள் படங்கள் உடனே போகாது. இடம் வேண்டும் என்று 'புரூன்-எவ்ரிதிங்' என்ற கட்டளையை மட்டும் அடித்துவிடாதீர்கள். வரலாறு மொத்தமும் போய்விடும், திரும்ப வராது.

பழனி வாசகர்: லினக்ஸில் ஹேமர் கிடைக்குமா?

கிடைக்காது. லினக்ஸில் பழைய வடிவங்களைச் சேர்த்துவைக்கும் நில்எஃப்எஸ்2 என்று ஒரு கோப்பு முறைமை உண்டு, அதைப் பாருங்கள்.

உதகை வாசகர்: டிஸ்க் நிறைந்துவிட்டது, அழித்தும் இடம் வரவில்லை.

கூடலூர்க்காரருக்குச் சொன்னதேதான்.

ஒரு தொழிற்சாலைக் கணக்கர்: முந்தாநாள் ஒருவருக்கு 212 கிலோ இலையை 221 என்று தட்டிவிட்டேன். உடனே திருத்தியும்விட்டேன். 'ஹிஸ்டரி'யில் இன்னும் 221 தெரிகிறது. அந்த ஒரு வரியை மட்டும் அழிப்பது எப்படி?

ஒரு வரியை மட்டும் பிடுங்க முடியாது.

கோத்தகிரி சிறு விவசாயி: அண்ணா, சொல்லிக் கொடுக்காதீர்கள். திருத்தியவர் எதற்கு மறைக்க வேண்டும்? ஈரம் என்று சொல்லி எங்களிடம் கழிக்கும் எடையும் இப்படித்தான் திருத்தப்படுகிறதோ என்னவோ.

கணக்கர்: பிழைதான், களவு இல்லை. நாளை யாராவது அந்த 221-ஐக் காட்டி என்னைக் கேட்டால்?

விவசாயி: கேட்கட்டுமே! பேரேட்டில் அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போட மாட்டீர்களா?

இருவரும் ஹேமருக்கு இல்லாத வேலையைத் தலையில் கட்டுகிறீர்கள். கோப்பு எந்த நேரத்தில் எப்படி இருந்தது என்பதைத்தான் அது சொல்லும். மாற்றிய கை யாருடையது என்று அதற்குத் தெரியாது. பேரேட்டில் கையெழுத்து இருக்கிறது, இதில் இல்லை. இதைச் சாட்சியாக நிறுத்துவதும் வீண், இதைக் கண்டு பயப்படுவதும் வீண். யாரும் பார்க்கக் கூடாத விவரம் என்றால் அந்தக் கோப்புறைக்கு முதல் நாளே 'நோஹிஸ்டரி' (வரலாறு சேர்க்காதே என்ற அடையாளம்) போட்டிருக்க வேண்டும்.

எனக்கு வேறொரு சந்தேகம். கணக்கரே, முந்தாநாள் போட்டு உடனே திருத்தியது இன்னும் தெரிகிறது என்கிறீர்கள். கிளீனப் ஒவ்வோர் இரவும் மூன்று மணி வாக்கில் தானாக ஓடும். ஓடியிருந்தால் அது போயிருக்குமே. இரவில் கணினியை அணைத்துவிடுகிறீர்களா?

கணக்கர்: ஆமாம் சார். ஐந்தரைக்கு மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவோம்.

அதுதான் விஷயம். கிளீனப் உங்களிடம் ஒரு நாள்கூட ஓடியதில்லை. கூடலூர், உதகைக்காரர்களே, நீங்களும் இரவில் அணைப்பவர்கள் என்றே நினைக்கிறேன். மாலையில் கிளம்பும் முன் 'ஹேமர் கிளீனப்' என்று கையால் அடியுங்கள். வழக்கமாக ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்காது. முடியாததை மறுநாள் தொடரும்.

விவசாயி: ஆக, அழிக்கும் வழியைச் சொல்லிவிட்டீர்கள்.

சொல்லிவிட்டேன். வழக்கமாக அதுவே நடக்க வேண்டியது. உங்களுக்குச் சாட்சி வேண்டும் என்றால் இலை போட்ட அன்றே எடைச் சீட்டில் கையெழுத்து வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

குந்தா வாசகர்: வணக்கம் சார். கோப்புகளை அழித்தும் டிஸ்க்கில் இடம்…

இரவில் கணினியை அணைக்கிறீர்களா?

குந்தா வாசகர்: ஆமாம், எப்படித் தெரியும்?