பலாக்கொட்டைக் குழம்பும் பார்க்காத சீரியலும்

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறேன். மதியச் சாப்பாட்டு மேசையில் ஐந்து பெண்கள். மற்ற நால்வரும் கொரியன் சீரியல் பைத்தியங்கள். நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்தால் ஆதித்யா சேனல், தூங்கும்முன் போனில் அதே பழைய வடிவேலு. சாப்பாட்டிலும் அப்படித்தான். அவர்கள் ராமென், பாஸ்தா என்பார்கள். எனக்குக் கருவாட்டுக் குழம்பும் பழைய சோறும் இருந்தால் போதும். ரசனை இல்லாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று, ஒரு வருடமாகக் கதைச்சுருக்கத்தைப் படித்துக்கொண்டு போய் எல்லாம் பார்த்த மாதிரியே பேசுகிறேன். இப்போது மாட்டிக்கொண்டேன். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி வீட்டில் கூடுகிறோம். ஆளுக்கு ஒரு மனசுக்குப் பிடித்த சாப்பாடு கொண்டுவர வேண்டும், பிடித்ததில் ஒன்றைப் போட்டுக் காட்ட வேண்டும். பாஸ்தா செய்யக் கற்றுக்கொள்ளட்டுமா? இந்தப் பீட்டர் பார்ட்டிகளிடம் கருவாட்டைக் கொண்டுபோனால் சிரிக்க மாட்டார்களா?
– பெயர் வேண்டாம், கடலூர்.

பதில்: அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் உரிமையோடு ‘நீ’ என்றே எழுதுகிறேன். முதலில் சின்ன பதில்: பாஸ்தா வேண்டாம். விருந்துக்காக அவசரமாகக் கற்றுக்கொண்ட பாஸ்தா எப்படி வரும் என்று எனக்குத் தெரியும், என் வீட்டில் நடந்திருக்கிறது. களியாகக் கிண்டிச் சாப்பிட்டோம். குழம்பையே கொண்டுபோ. எப்படிக் கொண்டுபோவது என்பதில் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னதற்காக உன்னைத் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால் புதுச்சேரியில் ஒரு திரையிடலுக்குப் போனேன். விருது வாங்கிய படம் என்றார்கள். பத்தாவது நிமிடத்தில் ஒரு கிழவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தூங்கி எழுந்தபோதும் அவர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். வெளியே வந்ததும் யாரோ கேட்க, “ஒளிப்பதிவு அபாரம்” என்று சொல்லித் தொலைத்தேன். அதோடு போயிற்றா? ஒரு சிற்றிதழுக்கு அந்தப் படத்தைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். எழுதியும் கொடுத்தேன், இரண்டு பக்கம். பாராட்டி ஒரு கடிதம்கூட வந்தது. ஆகவே உன் கதைச்சுருக்க வித்தையெல்லாம் எனக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு வருடம் என்பது அதிகம். தினம் மதியம் பரீட்சை எழுதப் போகிற மாதிரி போனால் சாப்பாடு எப்படி இறங்கும்?

உன் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘ரசனை இல்லாதவள்’ என்ற சொல். பார்த்ததையே பார்ப்பவளுக்கு ரசனை இல்லை என்று யார் சொன்னது? நம் மாவட்டத்துக்காரி நீ, பாரதக்கூத்து பார்த்திருப்பாய். என் அம்மா ஊர் பண்ருட்டிப் பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் கடைசி நாள் காலையில் படுகளம். களிமண்ணால் நீளமாகத் துரியோதனனைத் தரையில் படுக்கவைத்திருப்பார்கள். தொடையில் அடி விழப்போகிறது என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் பீமன் கதாயுதத்தை ஓங்கும்போது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். என் ஆயா அதை அறுபது தடவையாவது பார்த்திருப்பாள். வீட்டுக்கு வந்து, “இந்த வருஷம் துச்சாதனன் வேஷக்காரன் சொத்தை, துணியைப் பிடிக்கவே கை நடுங்குறான்” என்று விமர்சனம் வேறு. கதை தெரிந்துவிட்டதால்தான் அவளால் அந்தக் கையைக் கவனிக்க முடிந்தது.

1989-இல் வந்த வாழைப்பழக் காமெடியையே எடுத்துக்கொள். இன்னொரு பழம் எங்கே என்றால் என்ன பதில் வரும் என்று நம் ஊரில் தெரியாதவர் உண்டா? முதல் பத்துத் தடவை நான் கவுண்டமணிக்காகச் சிரித்தேன். இப்போதெல்லாம் செந்திலின் முகத்தை மட்டும் பார்க்கிறேன், அந்தக் கள்ளமற்ற முகத்தை எப்படி அத்தனை நேரம் வைத்துக்கொண்டிருந்தார் என்று. நீயும் வடிவேலுவை அப்படித்தான் பார்க்கிறாய் என்று நினைக்கிறேன். ஒருமுறை கவனித்துப் பார். அந்தக் கூட்டத்தில் பேச உனக்கு நிறைய இருக்கும்.

தானே புயல் அடித்தபோது, 2011 டிசம்பர் 30, நீ பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருப்பாய். கடலூரில் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம்! எங்கள் தெருவில் முருங்கை மரம் ஒன்று மிச்சமில்லை. டிவி கிடையாது, போனில் சார்ஜ் கிடையாது. அரிசிக் கஞ்சியும் பருப்புத் துவையலும்தான் மூன்று வேளையும். மூன்றாம் நாள் ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவர் அந்த வாழைப்பழக் காமெடியை நடித்துக் காட்டினார்கள். பழம்கூடக் கையில் இல்லை. ஓடு பறந்துபோன வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு யாராவது புதுசாக ஒன்றைச் சொல்லியிருந்தால் காது கொடுத்திருப்போமா, தெரியவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய சோற்றில் நல்ல பாக்டீரியா இருக்கிறது, கொரியாக்காரர்களின் கிம்ச்சியும் புளிக்கவைத்ததுதான், நம்முடையதும் புளிக்கவைத்ததுதான் என்று அங்கே போய்ப் பாடம் நடத்தாதே. உண்மைதான், இரண்டிலும் வேலை செய்வது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள்தான். ஆனால் நீ அதற்காகவா சாப்பிடுகிறாய்? வெயிலில் வந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நீராகாரத்தைக் குடித்தால் உச்சி குளிர்கிறதே, அதற்காகச் சாப்பிடுகிறாய். பிடித்த சாப்பாட்டுக்கு டாக்டர் சர்டிபிகேட் கேட்பதும் ஒரு வகைத் தாழ்வு மனப்பான்மைதான்.

அப்புறம், ‘பீட்டர் பார்ட்டிகள்’. இது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நால்வரில் ஒருத்தி விடுதியில் வளர்ந்தவளாக இருக்கலாம். ராத்திரி பதினோரு மணிக்கு வார்டனுக்குத் தெரியாமல் கெட்டிலில் கொதிக்கவைத்த நூடுல்ஸ்தான் அவளுக்கு ஆயா கைச்சோறாக இருக்கலாம். ராமென் என்று அவள் சொல்வது உன்னிடம் பந்தா காட்டத்தான் என்று ஏன் நினைக்கிறாய்? உன் குழம்பு உண்மை, அவள் நூடுல்ஸ் நடிப்பு என்பது நியாயமே இல்லை. கொரியன் சீரியல்களையும் நானே இரண்டு பார்த்திருக்கிறேன், முழுதாக, தூங்காமல். பெரும்பாலும் 16 எபிசோடில் கதையை முடித்துவிடுகிறார்கள். நம் சீரியலில் 16 எபிசோடு ஒரு வளைகாப்புக்கே பத்தாது! மாமியார் கொடுமை அங்கேயும் இருக்கிறது, நன்றாகவே செய்கிறார்கள்.

பொய்யை எப்படி அவிழ்ப்பது? அந்த ஞாயிற்றுக்கிழமை வரை வைத்துக்கொண்டிருக்காதே. முந்தைய வாரமே மதியச் சாப்பாட்டில் டப்பாவைத் திறக்கும்போது சொல்லிவிடு: “நான் இதுல ஒண்ணுகூடப் பார்த்ததில்ல. எல்லாம் கதைச்சுருக்கம் படிச்சுட்டுதான் பேசினேன்.” அழுது மன்னிப்புக் கேட்டால் அது பெரிய விஷயமாகிவிடும். சிரித்துக்கொண்டே சொல். ரெண்டு நாள் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும். அதே மூச்சில், “எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம், சொல்லுங்க” என்று கேள். நால்வரும் நான்கு சீரியல் பேரைச் சொல்லி அவர்களுக்குள் சண்டை வந்துவிடும், உன்னை மறந்துவிடுவார்கள். போட்டுக் காட்டுவதற்கு வடிவேலு காமெடி ஒன்றைத் தேர்ந்தெடு, பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

சரி, குழம்பு. நெத்திலிக் கருவாட்டைக் காராமணிக்குப்பம் திங்கட்கிழமைச் சந்தையில் வாங்கு. தலையைக் கிள்ளிவிட்டு வெந்நீரில் இரண்டு மூன்று தடவை அலசினால் மணல் போகும், உப்பும் குறையும். பலாக்கொட்டை காய்ந்தது வீட்டில் இருந்தால் தட்டித் தோலுரித்து முன்னாலேயே வேகவைத்துக்கொள், குழம்பில் போட்டு வேகட்டும் என்றால் வேகாது. நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், பூண்டு, கத்தரிக்காய், புளி, உன் வீட்டு மிளகாய்த்தூள். கொதித்துச் சுண்டியதும் கருவாடு போடுவதற்கு முன் கொஞ்சத்தைத் தனியாக எடுத்து வை. ஐந்து பேரில் ஒருத்தியாவது சைவமாக இருப்பாள், அவளுக்குப் பலாக்கொட்டைக் குழம்பு என்று கொடுக்கலாம். கடைசி ஐந்து நிமிடம்தான் கருவாடு. உப்பு அதற்கும் பிறகு, வாயில் விட்டுப் பார்த்துப் போடு. சனிக்கிழமை ராத்திரியே வைத்துவிடு, மறுநாள்தான் ஊறி நிற்கும்.

போகிற வீட்டுக்காரியிடம் கருவாடு வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடு. வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, வாயில் வாழையிலையை வைத்து இறுக்கி மூடு. மேலே ஈரத்துணி கட்டினாலும் ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் மணக்கத்தான் செய்யும். கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள், தூக்கைக் காலடியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள். கண்டக்டர் மோந்து பார்த்துவிட்டு, “நெத்திலியா?” என்று கேட்டால் ஆமாம் என்று சொல்.