வார்ப்பிரும்பை வீட்டில் வெட்டுதல்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பழைய பிற்றர் ஒருவரின் பதில்கள்

ஐயா, எங்கள் வீட்டின் பின்சுவரோடு இறங்கும் நான்கு அங்குலக் கழிவுநீர்க் குழாய் பழைய வார்ப்பிரும்பு. நடுவில் வெடித்துவிட்டது. அந்தத் துண்டை எடுத்துவிட்டு பிவிசி குழாய் போட வேண்டும். எந்தக் கருவி வாங்கலாம்? (உப்புவெளி)

கருவிக்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள், தம்பி. வெட்டும் இடத்துக்கு மேலே உள்ள குழாயைத் தாங்குவது எது? இந்த அளவுக் குழாய் மீற்றருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் வரும். சுவரில் அடித்த பழைய பட்டிகள் துருப்பிடித்திருந்தால், நீங்கள் வெட்டி முடித்தவுடன் மேற்பகுதி முழுவதும் இறங்கிவிடும். வெட்டுக்கு மேலும் கீழும் புதிய பட்டி போட்டுச் சுவரோடு இறுக்கிய பிறகே கிறைண்டரைக் கையில் எடுங்கள்.

நாலரை அங்குலக் கிறைண்டரும் ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள உலோக வெட்டுத்தட்டும் போதும். ஒரே இடத்தில் ஆழமாக அழுத்த வேண்டாம். சோக்கட்டியால் சுற்றிவரக் கோடு கீறி, அதன்மேல் முதலில் மேலோட்டமாக ஒரு பள்ளம் போடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டே மெதுவாக ஆழமாக்குங்கள். சுவரோடு ஒட்டிய பின்பக்கத்துக்குத் தட்டு போகாது. அங்கே, முன்பின் ஓடும் மின்வாளில் கார்பைட் துகள் பதித்த அலகைப் பூட்டி வெட்டலாம். குழாய் வேலை செய்பவரிடம் சங்கிலி வெட்டி இருந்தால் ஒரு நாளைக்கு இரவல் கேளுங்கள். சிறு வெட்டுச் சக்கரங்கள் கோத்த சங்கிலியைக் குழாயைச் சுற்றி இறுக்கினால் குழாய் வட்டமாக உடையும். தீப்பொறியும் இல்லை, தூசியும் இல்லை. நல்ல நிலையில் உள்ள குழாய்க்கு நான் முதலில் தேடுவது அதைத்தான்.

வெட்டுகிற நேரத்தில் மேல்மாடிக் கழிவறையை யாரும் பாவிக்காதபடி சொல்லிவையுங்கள். பழைய மூட்டுகளில் ஈயம் ஊற்றியிருப்பார்கள். அதைச் சூடாக்கி உருக்கி எடுக்க வேண்டாம். அந்தப் புகை நஞ்சு. மூட்டை விட்டுத் தள்ளி வெட்டி, இரண்டு பக்கமும் பட்டி இறுக்கும் றப்பர் இணைப்பியால் பிவிசியைச் சேர்த்துவிடுங்கள்.

கிறைண்டர் வாங்கப் பணமில்லை, மாமா. கைவாள் போதாதா? (கிண்ணியா)

போதும், மகள். சாம்பல் வார்ப்பிரும்பில் காரீயம் (பென்சிலுக்குள் இருக்கும் கறுப்புப் பொருள்) கலந்திருப்பதால் வாள் நினைப்பதைவிட நன்றாகவே இறங்கும். அங்குலத்துக்கு 24 பல் உள்ள அலகு மெல்லிய குழாய்க்கு, 18 பல் தடித்த துண்டுக்கு. மேல்தோல்தான் தொல்லை தரும். வார்த்தபோது ஒட்டிய மணலும் விரைவில் ஆறியதால் இறுகிய படலமும் புதுப் பல்லைக் கெடுத்துவிடும். அரத்தின் ஓரத்தால் அந்தத் தோலைக் கீறித் திறந்துவிட்டு வாளை வையுங்கள். எண்ணெய் விட வேண்டாம். வெட்டும்போது உதிரும் காரீயமே வழுக்கிக் கொடுக்கும். எண்ணெய் சேர்ந்தால் கறுப்புப் பசையாகிப் பல்லிடுக்கை அடைத்துவிடும். துளை போடுவதும் இப்படியே, உலர்வாகத்தான்.

எங்கள் கிணற்றடிக் கைப்பம்பு வார்ப்பிரும்பா உருக்கா என்று எப்படி அறிவது? (தம்பலகாமம்)

மறைவான இடத்தில் சிறு துளை போட்டுப் பாருங்கள். தூளாக உதிர்ந்து விரல் கறுத்தால் வார்ப்பிரும்பு. சுருள் சுருளாக வந்தால் உருக்கு. கிறைண்டரில் தொட்டாலும் தெரியும். உருக்கின் பொறி நீண்டு பிரகாசமாகப் பறக்கும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாகவும் மங்கிய சிவப்பாகவும் இருக்கும்.

நண்பர் காஸ் கட்டர் கொண்டுவந்து ஐந்து நிமிடத்தில் வெட்டித் தருகிறேன் என்கிறார். பழைய நெல் ஆலைச் சக்கரம் ஒன்று. (மூதூர்)

வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒட்சிசன் தீயால் உருக்கு வெட்டுப்படுவதற்குக் காரணம், அதன் ஒட்சைட்டு, அதாவது தீயில் எரிந்த இரும்பின் படலம், உருக்குக்கு முன்பே உருகி வழிந்து வழிவிடுவது. வார்ப்பிரும்போ ஏறத்தாழ 1,150 முதல் 1,200 பாகையிலேயே உருகிவிடும். அதன் ஒட்சைட்டு அதற்குப் பிறகுதான் உருகும். ஆகவே வெட்டு வராது, குழம்பாக வழிந்து கிடக்கும். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் சக்கரம் வேறோர் இடத்தில் வெடிக்கவும் கூடும். பழைய இரும்பாக விற்கத்தான் துண்டாக்குகிறீர்கள் என்றால், கிறைண்டரால் சுற்றிவரப் பள்ளமிட்டு, சாக்கால் மூடி, கனத்த சுத்தியலால் அடியுங்கள். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யவே கூடாது. சில்லு தெறித்தால் கண் போய்விடும்.

வீட்டில் வெட்டுத்தட்டுகள் பல காலமாகக் கிடக்கின்றன. பாவிக்கலாமா? (சீனன்குடா)

நடுவிலுள்ள உலோக வளையத்தைப் பாருங்கள். காலாவதித் திகதி அச்சிட்டிருக்கும். பிசினால் பிடித்த தட்டுகளுக்கு வழக்கமாக மூன்று ஆண்டுகள். நம் கடற்காற்றின் ஈரம் அந்தப் பிசினைக் கெடுக்கும். நாலரை அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 13,300 சுற்று வரை தாங்கும் என்று பொதுவாக எழுதியிருக்கும். அந்த எண் உங்கள் கிறைண்டரின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் பூட்டாதீர்கள். ஒன்பது அங்குலக் கிறைண்டரில் தட்டை மூடும் காப்பைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கையால் பிடிப்பவர்களைப் பட்டறைகளில் காண்கிறேன். தட்டு சிதறினால் துண்டு தெறிப்பது முகத்துக்கு. காப்பைக் கழற்ற வேண்டாம், இரண்டு கையாலும் பிடியுங்கள்.

மீண்டும் உப்புவெளியிலிருந்து. மண்ணுக்குள் இருக்கும் கீழ்க்குழாயைக் கத்தியால் சுரண்டினால் பென்சில்போல எழுதுகிறது. இது என்ன?

நல்லவேளை, சுரண்டிப் பார்த்தீர்கள். உப்பு மண்ணில் இரும்பு கரைந்து போய், காரீயம் மட்டும் பழைய உருவத்தில் நிற்கிறது. பார்வைக்குக் குழாய் முழுதாக இருக்கும், பலம் இராது. இதில் சங்கிலி வெட்டியைப் போட்டால் நொறுங்கிவிடும். கிறைண்டரை மிக மெதுவாக வையுங்கள். கெட்டியான இரும்பு வரும் இடம் வரை தோண்டிப் போய் அங்கே வெட்டுங்கள். சுரண்டுபடும் இடத்தில் புதிய இணைப்பைப் பூட்டினால் இறுக்கும்போதே உடையும்.

வளவில் குழி தோண்டும்போது கனத்த இரும்புக் குண்டு ஒன்று வந்தது. பாதியாக வெட்டிப் படிக்கல்லாக வைக்கலாமா? (கோட்டைப் பக்கம்)

தொடாதீர்கள். துருவைத் தட்டவும் வேண்டாம். பழைய பீரங்கிக் குண்டுகளில் உள்ளே வெடிமருந்து அடைத்தவையும் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட ஊர் இது. அதன் பிறகு நம் காலத்துப் போரும் வந்தது. பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள். வெடிமருந்து இல்லாத வெறும் குண்டாகவே இருந்தாலும் பழம்பொருள் என்றால் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அதற்குப் பொருந்தும். இந்த ஊரின் வரலாற்றைக் கிறைண்டர் போட்டு அழிக்க யாருக்கும் மனம் வரக்கூடாது.

அம்மாவின் கால்மிதித் தையல் இயந்திரத்தின் இரும்புக் கால்களை இரண்டு அங்குலம் குறைத்து மேசையாக்க நினைக்கிறேன். (நிலாவெளி)

முடியும், தங்கச்சி. ஆனால் பூவேலை உள்ள அந்தக் கம்பிகள் மெல்லியவை, வைஸில் இறுக்கினால் உடைந்துவிடும். மரத்துண்டுகளுக்கு இடையில் மெதுவாகப் பிடித்துக் கைவாளால் அறுங்கள். கடைசி ஒரு மில்லிமீற்றரில் துண்டைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். தொங்கவிட்டால் ஓரம் பிய்ந்து வரும். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம், முகமூடி அணியுங்கள். என்னைக் கேட்டால், கால்களை அப்படியே விட்டு மேலே மெல்லிய பலகை போடுவேன். வெட்டிய வார்ப்பிரும்பைப் பழையபடி ஒட்டுவது கடினம். நன்றாகச் சூடாக்கி, நிக்கல் கம்பியால் பற்றவைத்து, மெதுவாக ஆறவிடத் தெரிந்தவரைத் தேடித்தான் போக வேண்டும்.

தோசைக்கல்லின் விளிம்பு உடைந்து கூராக இருக்கிறது. (திருகோணமலை நகர்)

அரம் மட்டும் போதும். ஒரு பக்கமாகவே தள்ளுங்கள், பின்னிழுக்கும்போது தூக்கிவிடுங்கள். விளிம்பிலிருந்து வெடிப்பு உள்ளே ஓடியிருந்தால் அந்தக் கல்லை அடுப்பில் வைக்க வேண்டாம்.