பம்புக்குள் தண்ணீர் புகுந்தது ஏன்?

கேள்வி: மீன் தொட்டிக்குக் கீழே தரையில் ஏர் பம்ப் வைத்திருந்தேன். கரண்ட் போன இரவில் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி, பம்ப் பாழாகிவிட்டது. புதியதை எங்கே வைப்பது? ஏர் ஸ்டோனிலும் (குழாய் முனையில் குமிழி விடும் கல்) இப்போது ஒரு பக்கம்தான் குமிழி வருகிறது.

பதில்: என் முதல் பம்பும் இப்படித்தான் போனது, அதுவும் பாதி வாளித் தண்ணீரைத் தரையில் விட்டுவிட்டு! காற்று நின்றதும் தண்ணீர் குழாய்க்குள் ஏறி, பிறகு தானாகவே கீழே வழிய ஆரம்பித்துவிடும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். இடமில்லையா? குழாயின் நடுவே செக் வால்வு, அதாவது ஒரு பக்கமாக மட்டும் காற்றை விடும் வால்வு, பொருத்துங்கள். வாயால் ஊதிப் பாருங்கள். காற்று வெளியே வரும் பக்கம் தொட்டியை நோக்கி இருக்க வேண்டும். நான் ஒருமுறை திருப்பி மாட்டிவிட்டு, பம்ப் ரிப்பேர் என்று அரை நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

கல்லில் பாசியும் அழுக்கும் அடைத்திருக்கும். பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். அடைத்த கல் பம்பின் டயாஃப்ரத்தையும் (காற்றைத் தள்ளும் ரப்பர் சவ்வு) சீக்கிரம் கிழித்துவிடும். அப்புறம், குமிழி தண்ணீரின் மேற்பரப்பை அசைப்பதால்தான் பெரும்பாலான ஆக்சிஜன் கலக்கிறது. அதனால் நுரை போலப் பொங்க வேண்டியதில்லை.